வயல் சென்சார்: தகவலைச் சுமந்து வருவது யார்?

மண் ஈரப்பத சென்சார் பற்றிப் பேச்சு வந்தால் விவசாயிகள் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, ‘எத்தனை வருஷம் உழைக்கும்?’ என்பது. மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதைக் கேட்பவர்கள் மிகவும் குறைவு. ‘நடு வயலில் இருக்கும் சென்சார் அளக்கும் தகவல், மோட்டார் ஷெட்டுக்கு எந்த வழியாக வந்து சேரும்?’

சென்சார் சரியாக அளந்தும் தகவல் வந்து சேராவிட்டால், அந்தச் சென்சார் இருந்தும் இல்லாததற்குச் சமம். தானியங்கி வால்வு பொருத்திய தோட்டத்தில் நிலைமை அதைவிட மோசம். ‘ஈரம் போதும்’ என்ற செய்தி வராமல் போனால் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ‘ஈரம் இல்லை’ என்ற செய்தி வராமல் போனால் பயிர் காயும்.

கரும்பை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் நடவு முடிந்த கையோடு சென்சார் பொருத்துகிறார்கள். அப்போது வயல் வெட்டவெளி. சோதித்துப் பார்த்தால் எல்லா சென்சாரும் பளிச்சென்று பேசும். விவசாயியும் மனநிறைவோடு பணம் கொடுத்துவிடுவார். ஆனால், கரும்புக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படுவது 101-ம் நாளில் இருந்து 270-ம் நாள் வரையிலான முழு வளர்ச்சிப் பருவத்தில்தான். அந்த நேரத்தில் தோகை மூடி, ஆள் உயரத்துக்கு மேல் பயிர் நிற்கும். தரையை ஒட்டி இருக்கும் சென்சாரின் சிக்னல் அந்தத் தோகைக்குள் சிக்கிக்கொள்ளும். எப்போது தகவல் மிகவும் தேவையோ, அப்போதுதான் அது நின்றுபோகும்.

இதைத் தவிர்க்க, சென்சார்கள் ஒன்றோடு ஒன்று எப்படிப் பேசுகின்றன என்பதை ஓரளவு தெரிந்துகொள்வது நல்லது. இதில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று, தகவலைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்புவது. இன்னொன்று, பல சென்சார்கள் சேர்ந்து ஒரே குரலில் கூப்பிடுவது. செல்போன் கோபுரமோ கம்பியோ இல்லாமல், கருவிகளே தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் வலையமைப்பு என்பதால் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆனால் பேட்டரிக்கு ஆகும் செலவிலும், நம்பகத்தன்மையிலும் இரண்டும் வேறு வேறு.

சிக்னல் ஏன் தேய்கிறது?

தடை இல்லாத வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சிக்னலின் பலம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். தரையை ஒட்டிப் போகும் சிக்னலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நேராகப் போகும் அலையும், மண்ணில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றை ஒன்று வெட்டிக்கொள்வதால், தூரம் இரண்டு மடங்கானால் பலம் பதினாறில் ஒரு பங்காகக்கூடக் குறைந்துவிடும். இதற்கு மேல் இலை, தண்டு, மரம், கிணற்றுச் சுவர் எல்லாம் தம் பங்குக்கு சிக்னலை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே சிக்னல் பல இடங்களில் பட்டுத் திரும்பி வரும்போது, ஒரு அலையின் மேடும் மற்றொரு அலையின் பள்ளமும் ஓர் இடத்தில் சந்தித்தால் சிக்னல் அங்கே செத்துவிடும். ஒரு முழம் தள்ளி வைத்தால் நன்றாக எடுக்கும். வீட்டில் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து போய்ப் பேசுகிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், வயலில் நட்ட சென்சார் நகராது. கெட்ட இடத்தில் அமைந்துவிட்டால், அதே செய்தியைப் பத்து முறை திரும்ப அனுப்பினாலும் பத்து முறையும் தோற்கவே வாய்ப்பு அதிகம்.

சங்கிலி முறை

கட்டிட வேலையில் செங்கல்லைக் கை மாற்றி மேலே அனுப்புவார்கள். ஒருவரே அத்தனை செங்கல்லையும் சுமந்து ஏறுவதைவிட அது எளிது. சென்சார் தகவலையும் அப்படி அனுப்பலாம். கடைசி சென்சார் தனக்கு அடுத்ததிடம் கொடுக்கும். அது அதற்கு அடுத்ததிடம் கொடுக்கும். முடிவில் மோட்டார் ஷெட்டில் உள்ள கேட்வே பெட்டிக்கு வந்து சேரும். இதை ஆங்கிலத்தில் மல்டிஹாப் என்பார்கள். கம்பெனிகள் ‘மெஷ்’ என்ற பெயரில் விற்பது பெரும்பாலும் இதுதான்.

இதன் லாபம் தெளிவானது. தூரத்தைப் பாதியாக்கினால் தரையை ஒட்டிய சிக்னலுக்குத் தேவையான சக்தி பதினாறில் ஒரு பங்கு போதும். இரண்டு தாவலுக்கும் சேர்த்துப் பார்த்தால்கூட எட்டில் ஒரு பங்குதான். நீளமான நிலத்துக்கும், நடுவில் மேடு இருக்கும் நிலத்துக்கும் இது ஏற்றது. நேராக எட்டாத இடத்தைச் சுற்றி வளைத்து எட்டலாம்.

நஷ்டமும் உண்டு. முதலாவது, சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால் எல்லாம் போச்சு. ஒவ்வொரு தாவலிலும் 100 செய்திக்கு 90 போய்ச் சேர்கிறது என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு தாவல் கடந்தால் 100-க்கு சுமார் 66 மட்டுமே வந்து சேரும். திரும்ப அனுப்பி இதைச் சரிக்கட்டலாம்; அதற்கு பேட்டரி செலவாகும்.

இரண்டாவது நஷ்டம், பாசன முறைக்கு நேர் எதிரானது. கால்வாயில் தண்ணீர் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது கடைமடை. சங்கிலி முறையில் பாதிக்கப்படுவது தலைமடை. 50 மீட்டர் இடைவெளியில் வரிசையாக 8 சென்சார்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மணிக்கு ஒரு முறை அளவு அனுப்புகிறது என்று கொள்வோம். கடைசியில் இருக்கும் சென்சார் நாளொன்றுக்கு 24 செய்தி அனுப்பிவிட்டுத் தூங்கிவிடும். கேட்வேக்கு மிக அருகில் இருக்கும் சென்சாரோ மற்ற ஏழின் 168 செய்திகளையும் கேட்டு வாங்கி, தன்னுடையதையும் சேர்த்து 192 செய்திகளை அனுப்ப வேண்டும். ஆகவே அதன் பேட்டரிதான் முதலில் தீரும். அது தீர்ந்த அன்று, மற்ற ஏழு சென்சாரும் உயிரோடு இருந்தும் ஒரு தகவலும் வராது.

‘கேட்பதற்கு என்ன பெரிய செலவு?’ என்று தோன்றலாம். ஆய்வுகளில் பல ஆண்டுகள் பரவலாகப் பயன்பட்ட சிசி2420 என்ற ரேடியோ சில்லு, செய்தி அனுப்ப 17.4 மில்லிஆம்பியர் மின்சாரம் எடுக்கும். கேட்டுக்கொண்டிருக்க 18.8 மில்லிஆம்பியர் எடுக்கும். அனுப்புவதைவிடக் காத்திருந்து கேட்பதுதான் அதிகச் செலவு. 2,500 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியை வைத்து, ரேடியோவை அணைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தால் ஐந்தரை நாளில் தீர்ந்துவிடும். நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால் கணக்குப்படி ஒன்றரை வருடம் வரும். எனவே, குறித்த நேரத்தில் எல்லாம் ஒன்றாக விழித்து, பேசி முடித்து, ஒன்றாகத் தூங்கும் கருவியா என்பது முக்கியம்.

கூட்டு முறை

கோயில் தேரை ஒருவர் இழுத்தால் அசையாது. வடம் பிடித்து நூறு பேர் இழுத்தால் நகரும். ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் நூறு பேர் இருந்தும் பலன் இல்லை. கூட்டு முறையும் இப்படித்தான். ஒரு சென்சாரின் செய்தியை அக்கம்பக்கத்துச் சென்சார்கள் முதலில் கேட்டுக்கொள்ளும். பிறகு எல்லாம் சேர்ந்து, ஒரே நேரத்தில், ஒரே செய்தியை அனுப்பும். இதற்கு கோ-ஆப்பரேட்டிவ் டிரான்ஸ்மிஷன் என்று பெயர். நடுவில் ஒருவர் நின்று உதவும் தகவல் தொடர்பு பற்றிய கணக்கை 1971-லேயே வான் டெர் மியூலன் எழுதினார். கம்பியில்லாக் கருவிகள் ஒன்றுக்கொன்று இப்படி உதவிக்கொள்ளும் வழிகளை லேன்மன், சே, வோர்னெல் ஆகியோர் 2004-ல் வெளியான கட்டுரையில் விரிவாக வகுத்தனர்.

நான்கு சென்சார்களின் அலைகள் மேட்டுக்கு மேடு, பள்ளத்துக்குப் பள்ளம் துல்லியமாகப் பொருந்தினால், சேரும் இடத்தில் சிக்னலின் பலம் நான்கு மடங்கு அல்ல, பதினாறு மடங்கு கிடைக்கும். தரையை ஒட்டிய சிக்னல்கூட இரண்டு மடங்கு தூரம் போகும். காகிதத்தில் இது பெரிய லாபம். நடைமுறையில் எளிதல்ல. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதி உள்ள 865 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஓர் அலையின் நீளம் சுமார் 35 சென்டிமீட்டர்; ஒரு முழத்துக்கும் குறைவு. ஓர் அலை கடந்துபோக ஆகும் நேரம் ஒரு நொடியில் சுமார் நூறு கோடியில் ஒரு பங்கு. விலை குறைந்த சென்சாரில் இருக்கும் கடிகாரமோ, ஒவ்வொரு நொடியிலும் பத்து லட்சத்தில் 20 பங்கு முன்பின்னாகப் போகக்கூடியது. இதை வைத்து அலைகளைப் பொருத்துவது கடினம்.

ஆனால், அவ்வளவு துல்லியம் இல்லாமலும் பலன் பெற வழி உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் உள்ள ஈ.டி.எச். தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2011-ல் ‘கிளாசி’ என்ற முறையை வெளியிட்டனர். இதில் செய்தியைக் கேட்ட சென்சார்கள் எல்லாம், நொடியில் பத்து லட்சத்தில் அரைப் பங்கு நேரத்துக்குள் ஒன்றாகத் திருப்பி அனுப்புகின்றன. அலைகள் முழுமையாகப் பொருந்தாவிட்டாலும் செய்தி தெளிவாகப் போய்ச் சேர்கிறது. அவர்களுடைய சோதனைக் கூடத்தில் பெரும்பாலான சமயங்களில் 99.99 சதவீதத்துக்கு மேல் செய்திகள் கிடைத்தன. யார் யாரிடம் கொடுக்க வேண்டும் என்ற வழித்தடப் பட்டியலே இதற்குத் தேவையில்லை.

விவசாயிக்கு இதில் முக்கியமான லாபம் தூரம் அல்ல, நம்பகம். ஒரு பாதையில் 10 செய்திக்கு ஒன்று தவறுகிறது என்றால், தொடர்பில்லாத இரண்டு பாதைகளில் அனுப்பும்போது இரண்டும் சேர்ந்து தவறுவது 100-க்கு ஒன்றுதான். மேலே சொன்ன நான்கு தாவல் கணக்கில் ஒவ்வொரு தாவலிலும் இரண்டு சென்சார்கள் துணை நின்றால், 100-க்கு 66 என்பது 96 ஆக உயரும். கெட்ட இடத்தில் அமைந்த சென்சார் தானே திரும்பத் திரும்பக் கத்துவதைவிட, நான்கடி தள்ளி இருக்கும் பக்கத்துச் சென்சார் ஒரு முறை சொல்வது மேல்.

செலவு? துணை நிற்கும் ஒவ்வொரு சென்சாரும் விழித்திருந்து கேட்க வேண்டும். மொத்த பேட்டரிச் செலவு சங்கிலி முறையைவிடக் கூடலாம். ஆனால், சுமை ஒரே சென்சார் மீது விழாமல் எல்லாவற்றுக்கும் பகிர்ந்து போகும். எல்லா பேட்டரியும் ஏறக்குறைய ஒரே காலத்தில் தீரும் என்பதால், மாற்றும் நாளை முன்கூட்டியே திட்டமிடலாம். சென்சார்கள் அடுத்தடுத்து நெருக்கமாக இருந்தால்தான் கூட்டு முறை பலன் தரும். ஏக்கருக்கு ஒன்று என்று தள்ளித் தள்ளி வைத்த இடத்தில் சேர்ந்து கூப்பிட ஆள் இருக்காது.

ஓர் உருளைக்கிழங்கு வயல் சொல்லும் பாடம்

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005-ல் ஓர் உருளைக்கிழங்கு வயலில் சுமார் நூறு சென்சார்களைப் பொருத்தினர். பின் கருகல் நோய் வரும் சூழலை முன்கூட்டியே அறிந்து, மருந்து தெளிப்பைக் குறைப்பது நோக்கம். தகவல் சங்கிலி முறையில் வர வேண்டும். எதிர்பார்த்ததில் மிகச் சிறிய பங்கு தகவலே வந்து சேர்ந்தது. மென்பொருள் பிழைகள் உள்பட அதற்குக் காரணங்கள் பல. அவற்றை மறைக்காமல் 2006-ல் கட்டுரையாகவே எழுதினார்கள். உருளைக்கிழங்கு வயலில் நடந்த அளவீடுகளில், செடி தழைத்த பிறகு சிக்னல் எட்டும் தூரம் குறைவதும் தெரிந்தது. முழங்கால் உயரச் செடிக்கே இந்த நிலை என்றால், நம் கரும்பையும் வாழையையும் யோசித்துப் பாருங்கள்.

எந்த நிலத்துக்கு எது?

மூன்று, நான்கு ஏக்கர் சதுரமான நிலத்துக்கு இரண்டு முறையுமே தேவைப்படாமல் போகலாம். லோரா போன்ற நெடுந்தூர ரேடியோ உள்ள சென்சார்கள் நேரடியாகவே கேட்வேக்குப் பேசிவிடும். இங்கே செய்ய வேண்டியது ஆண்டெனாவை உயர்த்துவது. ஈரத்தை அளக்கும் முனை மண்ணுக்குள் இருக்கட்டும். ரேடியோ பெட்டியை ஒரு குழாயின் உச்சியில், பயிரின் முழு உயரத்துக்கு மேலே பொருத்தி, ஒயர் மூலம் இணைக்கச் சொல்லுங்கள். சமதளத்தில் தூரத்துக்குப் பேசும்போது, 1 மீட்டர் உயர ஆண்டெனாவை 2 மீட்டருக்கு உயர்த்தினாலே கிடைக்கும் சிக்னல் சுமார் நான்கு மடங்காகும். இலைக்கு மேலே போய்விட்டால் லாபம் இன்னும் கூடும்.

நீளமான நிலம், மலைச்சரிவு, நடுவில் மேடு உள்ள தோட்டம் ஆகியவற்றுக்குச் சங்கிலி முறை சரி. ஆனால் ஒவ்வொரு சென்சாருக்கும் குறைந்தது இரண்டு வழி இருக்க வேண்டும். கேட்வேக்கு அருகில் உள்ள சென்சாருக்குச் சிறிய சூரியத் தகடு வைத்துவிட்டால் தலைமடைப் பிரச்சினை பெருமளவு தீரும்.

கரும்பு, வாழை போல அடர்ந்து மூடும் பயிரில், வால்வுக்கு ஒன்றாக நெருக்கமாகச் சென்சார் வைத்து, தகவலை நம்பித் தானாகவே தண்ணீர் திறந்து மூடும் அமைப்பு என்றால் கூட்டு முறை உள்ள கருவி கிடைக்கிறதா என்று விசாரிக்கலாம்.

இரண்டு காதுகள்

கூட்டு முறையின் பலனைச் சுலபமாகப் பெற இன்னொரு வழி இருக்கிறது. பேசுகிறவர்களைக் கூட்டுவதற்குப் பதில் கேட்கிறவர்களைக் கூட்டுவது. லோராவேன் அமைப்பில் ஒரு சென்சார் அனுப்பும் செய்தியை எல்லைக்குள் உள்ள எல்லா கேட்வேக்களும் கேட்கும். எது முதலில் கேட்டாலும் சரி, செய்தி ஒரு முறை பதிவாகிவிடும். தோட்டத்தின் ஒரு மூலையில் ஒன்று, எதிர் மூலையில் ஒன்று என இரண்டு கேட்வே வைத்தால், ஒன்றுக்கு மறைவாக இருக்கும் சென்சார் மற்றொன்றுக்குத் தெரியும். சென்சாரின் பேட்டரிக்குக் கூடுதல் சுமை இல்லை. கேட்வே மின் இணைப்பில் ஓடுவதால் அது எப்போதும் விழித்திருக்கலாம்.

தனி விவசாயிக்கு இரண்டு கேட்வே கட்டுப்படியாகாது. அடுத்தடுத்த வயல்காரர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் மூலமோ வாங்கினால் செலவு பகிர்ந்து போகும். சங்கிலி முறையில் அப்படிச் சேர்வதென்றால் யோசித்துச் செய்ய வேண்டும். உங்கள் செய்தியைச் சுமந்து பக்கத்து வயல்காரரின் பேட்டரி தீரும். முறைப்பாசனத்தில் யாருக்கு எப்போது தண்ணீர் என்று பேசி வைத்துக்கொள்வது போல, எந்தச் சென்சார் எவருடைய தகவலைச் சுமக்கும், பேட்டரி மாற்றும் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசி முடிவு செய்துவிட்டால் பின்னால் மனக்கசப்பு வராது.

வாங்கும் முன் கேளுங்கள்

1. தகவல் நேராக வருமா, மற்ற சென்சார்கள் வழியாக வருமா? வழியாக வந்தால் அதிகபட்சம் எத்தனை தாவல்?

2. இடையில் ஒரு சென்சார் பழுதானால் மாற்று வழி தானாக அமையுமா? ஒரு சென்சாரை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

3. பேட்டரி ஆயுள் என்று சொல்வது எந்தச் சென்சாருக்கு? தன் செய்தியை மட்டும் அனுப்பும் சென்சாருக்கா, மற்றவற்றின் செய்தியையும் சுமக்கும் சென்சாருக்கா?

4. செய்தி வராவிட்டால் வால்வு என்ன செய்யும்? குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு தானாக மூடிக்கொள்ள வேண்டும். உங்கள் போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும்.

5. போன் திரையில் ஈரப்பத அளவுக்குப் பக்கத்தில் அது எத்தனை மணிக்கு வந்தது என்று காட்டுகிறதா? நேற்றைய அளவை இன்றைய அளவு போலக் காட்டும் செயலி ஆபத்தானது.

6. பயிர் முழுதாக மூடிய பிறகு ஒரு முறை வந்து சோதித்துத் தருவார்களா? இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தவணைப் பணத்தை அதுவரை நிறுத்தி வைக்கப் பேசிப் பாருங்கள்.

சோதனையை நீங்களே செய்யலாம். மணிக்கு ஒரு முறை அனுப்பும் சென்சார் நான்கு நாளில் 96 செய்திகள் அனுப்ப வேண்டும். எத்தனை வந்திருக்கிறது என்று சென்சார் வாரியாக எண்ணுங்கள். 90-க்குக் குறைந்தால் அந்தச் சென்சாரின் ஆண்டெனாவை உயர்த்தியோ, ஒரு முழம் நகர்த்தியோ பாருங்கள். நடவு முடிந்ததும் ஒரு முறையும், பயிர் மூடியதும் ஒரு முறையும் இப்படி எண்ண வேண்டும். கரும்பில் ஐந்தாவது, ஏழாவது மாதத் தோகை உரிப்பின்போது எப்படியும் வயலுக்குள் இறங்குகிறோம். அப்போதே ரேடியோ பெட்டி தோகைக்கு மேலே நிற்கிறதா, ஒயர் அறுந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். செயல்விளக்கத் திடல் அமைக்கும்போது வெறும் நிலத்தில் காட்டிவிட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். பயிர் தழைத்து நிற்கும் நாளில் விவசாயிகளை அழைத்து, வந்த செய்திகளின் எண்ணிக்கையைக் காட்டுங்கள். வாங்கலாமா வேண்டாமா என்பதை அந்த எண்ணிக்கையைப் பார்த்து அவர்களே முடிவு செய்துகொள்வார்கள்.